உம்மம்மாவின் மருந்துப் பெட்டிக்கு நாங்கள் போட்ட புள்ளி



கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை உள்ள வீடென்றால் கட்டாயம் வாசியுங்கள். இதில் பிழை விட்டவர்கள் வேறு யாருமல்ல, நாங்கள்தான்.

கடந்த வருடம் பாடசாலைக் கண்காட்சியில் மாணவர் ஆக்கங்களுக்கு நடுவர்களாக எங்களில் மூன்று பேரைப் போட்டிருந்தார்கள். மண்டபம் நிறைய மேசைகள். ரிஜிபோமில் வெட்டிய கோபுரம், ரிஜிபோம் எரிமலை, ரிஜிபோம் பாலம், மின்குமிழ் எரியும் ரிஜிபோம் நகரம். கடைசி வரிசையில், மின்விசிறிக் காற்றும் எட்டாத மூலையில், தரம் 8 மாணவி ஒருத்தி சப்பாத்துப் பெட்டி மட்டையில் செய்த சின்னப் பெட்டியொன்றோடு நின்றாள்.

மூன்று அறை, மூன்று மூடி. ஒரு மூடியில் சிரட்டைத் துண்டு ஒட்டியிருந்தது. அடுத்ததில் பசை பூசி மணல் தூவியிருந்தது. மூன்றாவதில் பழைய சேலைத் துணி.

"இது என்ன மகள்?"

"உம்மம்மாட மருந்துப் பெட்டி சேர்."

"மருந்துப் பெட்டி கடையில விக்குதே. இதில என்ன புதுசு?"

பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது. நாங்கள் புள்ளித்தாளைப் பார்த்தோம். தோற்றம், நேர்த்தி, புதுமை, விளக்கம். மட்டை வளைந்திருந்தது. பசை வெளியே வழிந்து காய்ந்திருந்தது. 40க்கு 17 போட்டுவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தோம். முதலிடம் ஏழு நிறத்தில் மினுங்கிய கோபுரத்துக்குப் போனது. அதை ஓடர் கொடுத்துச் செய்வித்ததாக அந்தப் பெற்றாரே பிறகு சிரித்துக்கொண்டு சொன்னார்.

மூன்று மாதம் கழித்து, அந்த உம்மம்மாவுக்கு வருத்தமென்று கேள்விப்பட்டு சுகம் விசாரிக்கப் போனோம். சீனி வருத்தம், பிரஷர், இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போது ளுஹர் பாங்கு கேட்டது. உம்மம்மா பேச்சை நிறுத்தாமலே கட்டிலுக்குப் பக்கத்தில் கையை நீட்டினார். விரல் சிரட்டையைத் தடவியது, தாண்டியது. மணலில் நின்றது. மூடியைத் திறந்து குளிசையை எடுத்தார். மூடும்போது 'டக்' என்றொரு சத்தம். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் கையை எடுத்தார்.

"எங்கட புள்ள செஞ்ச பெட்டி இது. இப்ப மருந்து மாறுறல்ல. முந்தி ரவைக்குரிய குளிசையக் காலையில குடிச்சிட்டுத் தலை சுத்தி விழுந்து கிடந்த நான்."

எங்களுக்குக் குடித்த தேத்தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை.

பெட்டி எப்படி வந்தது என்று உம்மாவிடம் கேட்டோம். பிள்ளை முதலில் மூன்று நிறம் பூசியிருக்கிறாள், சிவப்பு, மஞ்சள், நீலம். உம்மம்மாவுக்கு எல்லாம் ஒரே புகையாகத்தான் தெரிந்தது. பிறகு ஒரு மூடியில் ஒரு பொத்தான், அடுத்ததில் இரண்டு, மற்றதில் மூன்று என்று ஒட்டியிருக்கிறாள். கைக்குத் தெரிந்தது, ஆனால் ஒன்றென்றால் காலையா இரவா என்பது மறந்து போனது. இரண்டு முறை தோற்ற பிறகு, பிள்ளை உம்மம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்து கேட்டிருக்கிறாள்: "உம்மம்மா, உங்களுக்குக் காலை எண்டா என்ன?"

"காலை எண்டா தேங்காய் திருவுறதான். இந்தக் கையில எத்தின வருசம் சிரட்டை இருந்திருக்கும்."

"பகல்?"

"பகலில வளவு மணல் சுடும். கால் வைக்க ஏலா."

"இரவு?"

"என்ட பழைய சேலையப் போத்திக்கிட்டுப் படுப்பன்."

மூன்று மூடிகளும் இப்படித்தான் வந்தன. உம்மம்மா புதிதாக ஒன்றையும் பாடமாக்க வேண்டியிருக்கவில்லை. கை ஏற்கனவே அறிந்து வைத்திருந்ததைத்தான் பிள்ளை எடுத்து மூடியில் ஒட்டினாள்.

இரவு அறைக்குள் கராம்பு வைத்தால் மணத்திலும் தெரியுமே என்றும் பார்த்திருக்கிறாள். குளிசை மணமும் கராம்பு மணமும் கலந்து உம்மம்மாவுக்குக் குமட்டியது. கராம்பை எடுத்து எறிந்துவிட்டாள். மட்டை மூடி சத்தமில்லாமல் மூடுவதால், மூடியதா இல்லையா என்று உம்மம்மாவுக்குத் தெரியவில்லை. குளிசையில் எறும்பு ஏறியது. அதற்காகத்தான் சட்டைக்குத் தைக்கிற பிரஸ் பட்டன் வைத்தாள். அந்த 'டக்' அதிலிருந்து வந்தது.

இவ்வளவையும் அந்தப் பிள்ளை மேசையருகே சொல்ல வந்தாள். நாங்கள் இரண்டு நிமிடம் கொடுக்கவில்லை.

உறவுகளே, இந்தப் பெட்டியில் நடந்தது என்ன என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். 'காலை' என்பது ஒரு எண்ணம். அதைக் கையில் பிடிக்க முடியாது. 'பயமில்லாமல் மருந்து குடிப்பது' என்பது ஒரு உணர்வு. அதற்கு நிறமோ நிறையோ இல்லை. அதை ஒரு சிரட்டைத் துண்டாக, மணலாக, துணியாக, ஒரு சத்தமாக மாற்றிக் கொடுத்தால்தான் அது பொருளாகிறது. உலகத்தில் நல்ல பொருட்களைச் செய்கிறவர்கள் செய்கிற வேலை இதுதான். எங்கள் கண்காட்சி மண்டபத்தில் அன்றைக்கு அந்த வேலையைச் செய்திருந்த ஒரே பிள்ளைக்கு நாங்கள் 17 புள்ளி போட்டோம்.

"ஒரு மட்டைப் பெட்டிக்கு இவ்வளவு கதையா?" என்று சிலர் கேட்பீர்கள். பெரிய கம்பனிகள் எப்படிச் செய்கின்றன என்று பாருங்கள்.

நம் வீதிகளில் ஓடுகிற ரீகண்டிஷன் வாகனங்கள் அதிகம் ஜப்பானிலிருந்து வருபவை. அங்கே ஹிரோஷிமாவில் உள்ள மஸ்தா கம்பனி 1989இல் இரண்டு ஆசனமுள்ள ஒரு சின்னத் திறந்த காரை வெளியிட்டது. அதற்கு அவர்கள் அடிப்படையாக வைத்தது 'ஜின்பா இத்தாய்' என்ற ஒரு சொல்லை. குதிரையும் குதிரை ஓட்டுபவரும் ஒரே உடலாவது என்று பொருள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இதை வைத்துக்கொண்டு ஒரு பொறியியலாளர் எந்த ஆணியை முடுக்குவார்?

ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் மிட்சுவோ நகாமச்சி என்ற பேராசிரியர் இருந்தார். மனிதரின் உணர்வைப் பொருளின் அளவுகளாக மாற்றும் ஒரு முறையை 1970களிலிருந்து வளர்த்தவர். 'கன்செய்' பொறியியல் என்று அதற்குப் பெயர். கன்செய் என்றால் ஒன்றைப் பார்த்தும் தொட்டும் கேட்டும் மனதில் எழும் உணர்வு. மஸ்தாக்காரர்கள் அந்த முறையில் வேலை செய்தார்கள். அந்தப் பெரிய உணர்வை நாலாக உடைத்தார்கள்: உடம்போடு ஒட்டிய இறுக்கம், கை அசைத்ததும் வாகனம் அசைகிற நேரடித்தன்மை, வேகம், வாகனமும் ஓட்டுபவரும் பேசிக்கொள்வது போன்ற தொடர்பு. பிறகு ஒவ்வொன்றுக்கும் எது பொறுப்பு என்று தேடினார்கள். இறுக்கத்துக்கு வாகனத்தின் அளவும் ஆசனமும். நேரடித்தன்மைக்கு கியர் பொல்லு எவ்வளவு கட்டை, எவ்வளவு தூரம் அசைய வேண்டும் என்பது. காதுக்கு எக்ஸோஸ்ட் சத்தம். அந்தச் சத்தத்தையும் கேட்டுக் கேட்டுத்தான் திருத்தினார்கள்.

சொல்லில் தொடங்கியது சென்ரிமீற்றரில் முடிந்தது. அந்தக் கார் 2016இல் பத்து இலட்சத்தைத் தாண்டியது.

அந்தப் பிள்ளை செய்ததும் இதே படிகள்தான். 'பயமில்லாமல்' என்பதை எடுத்தாள். அதை எந்த மருந்து, எந்த நேரம், மூடியதா என்று மூன்றாக உடைத்தாள். ஒவ்வொன்றுக்கும் எது பொறுப்பு என்று தேடினாள். அவளிடம் தொழிற்சாலை இருக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு கதை, நம் தரம் 10 பிள்ளைகளின் வயதில் ஒருவர் செய்தது. பிரான்ஸில் குதிரைச் சேணம் தைக்கும் ஒருவரின் மகன் லூயி பிறெய்ல். 3 வயதில் வாப்பாவின் பட்டறையில் கூரான ஆயுதத்தோடு விளையாடிக் கண்ணில் குத்திக்கொண்டு, பிறகு இரண்டு கண்ணும் போனது. அந்தக் காலத்தில் சார்ல்ஸ் பார்பியே என்பவர் புடைத்த புள்ளிகளால் எழுதும் முறையொன்றைக் கொண்டுவந்தார். அதில் ஒரு குறிக்கு 12 புள்ளி வரை போகும். கண் தெரிகிறவருக்கு அது அழகான கணக்கு. விரலுக்கோ அது பெரிது. விரல் நுனிக்குள் 12 புள்ளி அடங்காது, மேலும் கீழும் தடவித் தேட வேண்டும். பிறெய்ல் அதை 6 புள்ளியாகக் குறைத்தார். விரல் நுனி அசையாமல் ஒரே தொடுகையில் பிடிக்கக்கூடிய அளவு அது. 1824இல், 15 வயதில், அந்த முறையை அவர் ஆக்கிவிட்டார். 1829இல் அது நூலாக வந்தது. கண் தெரியாத எத்தனையோ பேர் அதனால் வாசித்திருக்கிறார்கள்.

அந்த 15 வயதுப் பிள்ளையும் எங்கள் கண்காட்சியில் மேசை போட்டிருந்தால் என்ன புள்ளி கிடைத்திருக்கும்? "கடதாசியில் பொத்தல். தோற்றம் போதாது."

இன்னும் இரண்டு. அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்ற வியாபாரி, மூட்டு வாதம் உள்ள தன் மனைவி மரக்கறி சீவும் கருவியைப் பிடிக்கப் படும் பாட்டைப் பார்த்தார். பிடி மெல்லிய இரும்பு, கையை வெட்டியது. 1990இல் தடித்த, மெதுவான ரப்பர் பிடியோடு ஒன்றைச் சந்தைக்கு விட்டார். பெருவிரலும் சுட்டுவிரலும் எங்கே இருக்க வேண்டும் என்று விரலுக்குச் சொல்லும் மெல்லிய வரிகளும் அந்தப் பிடியில் இருந்தன. நோயாளிக்காகச் செய்ததை நோயில்லாதவர்களும் தேடி வாங்கினார்கள். ஜப்பானில் செயிச்சி மியாக்கே, கண் தெரியாதவர்கள் காலால் வாசிக்கும்படி புடைப்புள்ள நடைபாதைக் கற்களை 1965இல் ஆக்கினார். 1967இல் ஒக்கயாமா நகரில் கண் தெரியாதோர் பாடசாலைக்குப் பக்கத்து வீதியில் அவை முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. இன்று உலகம் முழுக்க ரயில் நிலைய மேடைகளில் அந்தக் கற்கள் இருக்கின்றன.

தூரத்துக் கதையெல்லாம் எதற்கு, உங்கள் பொக்கற்றில் கையை விடுங்கள். நம் நாட்டின் 2010 தொடர் நாணயத்தாள்கள், தொகை கூடக் கூட நீளமும் கூடும்படி செய்யப்பட்டவை. பார்வையற்றோருக்காகப் புடைத்த புள்ளிகளும் அவற்றில் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு ஒரு 100 ரூபாவையும் ஒரு 1000 ரூபாவையும் பிரித்துப் பாருங்கள். இத்தனை வருடம் செலவழித்தும் நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம். 'ஏமாறக்கூடாது' என்ற ஒரு கவலையை யாரோ நீளமாகவும் புள்ளியாகவும் மாற்றி வைத்திருக்கிறார்கள்.

நம் ஊரிலும் இந்த அறிவு இல்லாமல் இல்லை. பாண் ஓட்டோவை எடுங்கள். அந்த மெட்டு பீத்தோவன் பியானோவுக்கு எழுதியது என்று யாருக்கும் தெரியத் தேவையில்லை. அது கேட்டவுடன் சின்னவர்கள் காசு கேட்டு உம்மாவிடம் ஓடுகிறார்கள். ஓட்டோ நின்று கண்ணாடிக் கதவு திறந்ததும் சுடுபாண் மணம். பிறகு பணிசின் மெதுமை கையில். காது, மூக்கு, கை என்று வரிசையாக வேலை நடக்கிறது. கொத்து ரொட்டிக் கடையில் தகட்டில் விழும் இரும்புச் சத்தம் அந்தி நேரத்தில் தெரு முனை வரை ஆளை அழைக்கிறது. போர்ட் வைக்காமலே வியாபாரம்.

அப்படியிருந்தும் நாமாக ஒரு பொருளைச் சந்தைக்குக் கொண்டு போகும்போது இதையெல்லாம் மறந்துவிடுகிறோம். மருதமுனை கைத்தறிச் சாரனை எடுங்கள். தலைமுறை தலைமுறையாகத் தறியில் இருந்த கைகளின் வேலை அது. மெசின் சாரனுக்கும் கைத்தறிச் சாரனுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண் சட்டென்று பிடிக்காது, கை பிடிக்கும். துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்க்கிற நம் மூத்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் பல கடைகளில் அது மினுங்குகிற பிளாஸ்டிக் உறைக்குள் இறுக்கி ஒட்டப்பட்டுக் கிடக்கிறது. வெளியே 'தரமான பாரம்பரியத் தயாரிப்பு' என்று எழுத்து. தொட்டால் தெரிகிற ஒன்றைத் தொட முடியாமல் மூடிவிட்டு, அதைச் சொல்லால் சொல்லப் பார்க்கிறோம். பக்கத்திலேயே விலை குறைந்த மெசின் சாரனும் அதே மாதிரி உறையில் கிடக்கிறது. வாங்குகிறவர் எதை எடுப்பார்? உறையில் ஒரு உள்ளங்கை அளவு திறந்து விட்டால் போதும். துணி தன் கதையைத் தானே சொல்லும்.

வீட்டிலிருந்து தூள் இடித்து விற்கிற, அச்சாறு போட்டு விற்கிற நம் சகோதரிகளுக்கும் இதைத்தான் சொல்கிறோம். 'உம்மாவின் கைப்பக்குவம்' என்று லேபலில் அச்சடிக்க முன்னர், அந்தக் கைப்பக்குவம் வாங்குகிறவரின் எந்தப் புலனுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று கேளுங்கள். திறந்தவுடன் வருகிற மணமா? தூளின் நறநறப்பா? அச்சாறுத் துண்டின் பெருமனா? அதைக் காப்பாற்றுங்கள். லேபல் பிறகு.

பள்ளிவாசலிலும் ஒரு உதாரணம் இருக்கிறது. "மூத்தவர்களுக்கு மரியாதை" என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் எத்தனை பள்ளிகளில் வுழூச் செய்யும் இடத்தில் 70 வயதுக்காரர் இருந்து எழும்பக்கூடிய உயரத்தில் இருக்கை உண்டு? குந்த முடியாத முழங்காலுக்குச் சாதாரண கதிரை உயரம், கிட்டத்தட்ட 18 அங்குலம் வேண்டும். நனைந்த, பலம் குறைந்த கைக்குத் திருகுகிற பைப்பை விடத் தட்டித் திறக்கிற பைப் லேசு. கால் வைக்கிற இடத்துக்குப் பளபளக்கிற டைல் வேண்டாம், சொரசொரப்பான டைல் வேண்டும். எழும்பும்போது பிடிக்க ஒரு கம்பி. மரியாதை என்ற சொல்லை வுழூச் செய்யும் இடத்தில் கட்டினால் அது இப்படித்தான் இருக்கும். பல இலட்சம் செலவழித்து மினாராவுக்கு விளக்குப் போடுகிற ஊர்களில் இந்தக் கம்பி இல்லாமல் மூத்தவர்கள் வீட்டிலேயே தொழுகிறார்கள். ரிஜிபோம் கோபுரத்துக்கு முதலிடம் கொடுத்த எங்களுக்கு இதைச் சொல்லத் தகுதி இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. ஆனாலும் சொல்கிறோம்.

சரி, பிள்ளைகளுக்கு இதை எப்படிப் பழக்குவது? தரம் 6 முதல் 9 வரை செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்ற பாடம் இருக்கிறது. வெட்டவும் ஒட்டவும் இணைக்கவும் பழக்குகிறோம். யாருக்காக வெட்டுகிறோம் என்று கேட்கப் பழக்குவதில்லை. நாங்கள் இப்போது வகுப்பில் செய்து பார்க்கிற ஒழுங்கை எழுதுகிறோம். வீட்டிலும் செய்யலாம்.

முதலில் ஒரு ஆள் வேண்டும். 'சமூகத்துக்கு', 'முதியோருக்கு' என்று சொல்ல விடாதீர்கள். எந்த முதியவர்? எத்தனை மணிக்கு? எந்த இடத்தில்? "எங்கட மூத்தப்பா இரவில் ஒண்டுக்குப் போக எழும்பும்போது" என்று பிள்ளை சொன்னால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது, அந்த ஆளின் வாயிலிருந்து உணர்வைக் கேட்க வேண்டும். பயமா, வெட்கமா, அலுப்பா, தனிமையா? பிள்ளை ஊகிக்கக் கூடாது. பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும். அந்த மாணவி "காலை எண்டா என்ன?" என்று கேட்டது போல.

மூன்றாவது, எந்தப் புலன் வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று பார்க்க வேண்டும். மூத்தப்பாவுக்குக் காது கேட்காதென்றால் மணி கட்டிப் பயனில்லை. இருட்டில் கால் நன்றாக உணரும். கட்டிலிலிருந்து கதவு வரை ஒரு கயிற்றுப் பாய் விரித்தால் கால் வழியைக் கண்டுபிடிக்கும். எல்லாப் புலனுக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. கராம்பை எறிந்ததை மறக்க வேண்டாம். ஒரு வேலையும் செய்யாத மணம், ஒரு வேலையும் செய்யாத விளக்கு, ஒரு வேலையும் செய்யாத பாட்டு எல்லாம் குழப்பம்தான்.

நான்காவது, அளவு. எவ்வளவு தடிப்பு, எவ்வளவு உயரம், எவ்வளவு சத்தம் என்று கொப்பியில் எண்ணாக எழுத வேண்டும். 'மெதுவாக இருக்க வேண்டும்' என்று எழுதினால் போதாது. மூன்று விதத் துணியைக் கொடுத்து எது என்று அந்த ஆளிடமே தெரிவு செய்யச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, கண்ணை மூடிக்கொண்டு பாவித்துப் பார்ப்பது. பிள்ளை முதலில், பிறகு அந்த ஆள். தோற்றால் திருத்த வேண்டும். தோற்றதையும் கொப்பியில் எழுத வேண்டும். அந்த மாணவியின் சிவப்பு, மஞ்சள், நீலப் பெட்டியும் பொத்தான் பெட்டியும் மேசையில் இருந்திருந்தால் எங்களுக்குக்கூட விளங்கியிருக்கும். ஆனால் தோற்றதைக் கொண்டுவந்து வைக்க நாங்கள் ஒருபோதும் சொல்லிக் கொடுக்கவில்லை. அழகானதை மட்டும் கொண்டுவரச் சொல்கிறோம். அதனால் பெற்றார் கடைக்குப் போகிறார்கள்.

"சேர், ஓஎல் பரீட்சைக்கு இது வருமா?" என்று கேட்கிற பெற்றாரின் கவலை எங்களுக்கு விளங்குகிறது. உங்கள் பிள்ளை பரீட்சையில் சித்தியடைய வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசையும். ஆனால் யோசியுங்கள். நாளைக்கு இந்தப் பிள்ளைகள் மென்பொருள் செய்வார்கள், வீடு கட்டுவார்கள், கடை நடத்துவார்கள், நோயாளியைப் பார்ப்பார்கள். இன்னொருவரின் கஷ்டத்தைக் கேட்டு அதற்கு ஒரு வடிவம் கொடுக்கத் தெரியாதவர், எத்தனை 'ஏ' எடுத்திருந்தாலும், அடுத்தவர் செய்த பொருளை வாங்கி விற்பவராகத்தான் நிற்பார். அதற்கும் மேலாக, வீட்டில் உம்மம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்து ஒரு கேள்வி கேட்க அந்தப் பிள்ளைக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. கைபேசி வந்த பிறகு அப்படி எத்தனை பேர் கேட்கிறார்கள்?

"காசு செலவாகுமே" என்பவர்களுக்கு அந்தப் பெட்டியின் கணக்கு: சப்பாத்துப் பெட்டி, சிரட்டை, வளவு மணல், பழைய சேலை, மூன்று பிரஸ் பட்டன், ஒரு பசைப் போத்தல்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டி முழுமையானதல்ல. மட்டை நனைந்தால் போய்விடும். மணல் உதிர்கிறது, இரண்டு தரம் திரும்ப ஒட்டியிருக்கிறாள். கிளினிக்கில் மருந்து மாற்றினால் வீட்டிலுள்ள ஒருவர் பார்த்துத்தான் அறைகளில் பிரித்துப் போட வேண்டும். பெட்டி மருத்துவருக்குப் பதில் அல்ல. இதையெல்லாம் நாங்கள் அன்று மேசையருகே கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் அவள் மட்டைக்குப் பதிலாகப் பலகையில் செய்திருப்பாள்.

இந்த வருடக் கண்காட்சிக்கு அதிபரிடம் மூன்று விடயம் கேட்டிருக்கிறோம். அவரும் சம்மதித்திருக்கிறார். புள்ளித்தாளில் தோற்றத்துக்குப் பத்துக்கு மேல் இல்லை. யாருக்காகச் செய்யப்பட்டதோ அந்த ஆள் வந்து பாவித்துக் காட்டினால், அல்லது அவர் பாவிப்பதை வீடியோவாகக் காட்டினால், அதற்குத்தான் கூடிய புள்ளி. தோற்ற மாதிரிகளையும் மேசையில் வைக்க வேண்டும். கடையில் செய்வித்த ஆக்கங்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவோம். அதில் எங்கள் சொந்தக்காரரின் பிள்ளை என்றும் பார்க்க மாட்டோம். கோபிக்க வேண்டாம்.

உங்களிடம் கேட்பது: பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் உள்ளவர்கள் மண்டபத்தில் ஒரு மேசையை மூத்தவர்களுக்கென்று ஒதுக்குங்கள். கதிரை போடுங்கள், தேத்தண்ணீர் கொடுங்கள். அவர்கள் இருந்து பிள்ளைகளின் பொருட்களைத் தொட்டுப் பார்த்து "இது சரி, இது சரியில்லை" என்று சொல்லட்டும். அவர்கள்தான் எங்களை விட நல்ல நடுவர்கள். தச்சு வேலை, தையல், தறி வேலை தெரிந்த நானாமார், ராத்தாமார் ஒரு பின்னேரம் பாடசாலைக்கு வந்து பிள்ளைகளுக்குக் கையைக் காட்டுங்கள். மரத்தைத் தடவி அதன் குணத்தைச் சொல்கிற உங்கள் விரலின் அறிவு எங்கள் பாடப் புத்தகத்தில் இல்லை.

கடைசியாக ஒன்று. அந்த மாணவியிடம் போய், "எங்கட பிழை மகள், உன்ட பெட்டிக்குச் சரியான புள்ளி போடல்ல" என்று சொன்னோம். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கண்காட்சி முடிந்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து "இனி ஒண்டும் செய்ய மாட்டன்" என்று அழுததாக உம்மா முன்பே சொல்லியிருந்தார்.

"இந்த முறையும் ஏதாவது செய்வியா?" என்று கேட்டோம்.

கொஞ்சம் யோசித்தாள். "பாப்பம் சேர்" என்றாள்.

அந்தப் 'பாப்பம்' ஒரு 'செய்வன்' ஆக மாறுமா என்பது இனி எங்கள் கையிலும் உங்கள் கையிலும்தான் இருக்கிறது. உங்கள் வீட்டு மூத்தவர் எந்த நேரத்தில், எந்தப் பொருளோடு கஷ்டப்படுகிறார் என்று கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம்.

வஸ்ஸலாம்.